அரிசி மணிக்குள் இருக்கும் உலோகத்தை எப்படி அளக்கிறார்கள்?

ஒரு அரிசி மணியின் எடை ஏறக்குறைய 20 மில்லிகிராம். ஒரு கிலோ அரிசி என்றால் சுமார் 50,000 மணிகள். அதிலிருந்து ஒரே ஒரு மணியை எடுத்து நூறு துணுக்குகளாக உடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துணுக்கு 0.2 மில்லிகிராம் எடை இருக்கும். தீட்டிய அரிசி ஒரு கிலோவில் கனிம ஆர்செனிக் (கரிமத்தோடு பிணையாத ஆர்செனிக் வடிவம்) இந்த ஒரு துணுக்கின் எடைக்கு மேல் இருக்கக் கூடாது என்று கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தர ஆணையம் 2014-ல் வரம்பு வைத்தது. ஆர்செனிக் இருக்கிறதா இல்லையா என்று சொன்னால் மட்டும் ஆய்வகத்தின் வேலை முடிந்துவிடாது. இருப்பது 0.15-ஆ 0.25-ஆ என்று பிரித்துச் சொல்லவும் வேண்டும். முதல் எண் வந்தால் அந்த அரிசி விற்பனைக்குப் போகலாம், இரண்டாவது வந்தால் போக முடியாது.

இவ்வளவு சிறிய அளவை எப்படி எட்டிப்பிடிக்கிறார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம். பள்ளிக்கூட வேதியியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும். விலை உயர்ந்த கருவி ஒன்று இருந்தால் காரியம் முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கருவிக்கு முன்னால் நடக்கும் வேலையும், எண் கையில் வந்த பிறகு அதை வாசிக்கும் விதமும்தான் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகின்றன. அதனால் அந்த இரண்டு இடங்களிலும் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

வேண்டியதும் வேண்டாததும் ஒரே வழியில்

இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, மாலிப்டினம், செலினியம் ஆகியவை உடலுக்குச் சிறு அளவில் கட்டாயம் தேவை. இரும்பு குறைந்தால் ரத்தசோகை வரும். துத்தநாகம் குறைந்தால் குழந்தைகளின் வளர்ச்சி தடைபடும், நோய் எதிர்ப்பும் தளரும். ஆர்செனிக், காட்மியம், ஈயம், பாதரசம் ஆகிய நான்கும் மறுபக்கம் நிற்பவை. கனிம ஆர்செனிக்கும் காட்மியமும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. (வேதியியல் கணக்கில் ஆர்செனிக் முழு உலோகம் அல்ல, உலோகப்போலி. செலினியம் அலோகம். ஆனாலும் எல்லாவற்றையும் ஒரே கருவியில் ஒன்றாக அளப்பதால் பேச்சு வழக்கில் எல்லாமே உலோகம்தான்.) தேவையானவை என்றால் எவ்வளவும் நல்லது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. செலினியத்தில் போதுமான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு.

மனிதர்கள் இப்படி இரண்டு பட்டியல் போடலாம். நெற்பயிரின் வேருக்கு அந்தப் பட்டியல் தெரியாது. வேரின் செல் சவ்வில் குறிப்பிட்ட சத்துகளை உள்ளே கடத்தும் புரதங்கள் இருக்கின்றன. நெல் மண்ணிலிருந்து சிலிக்கானை நிறைய இழுக்கும் பயிர். தண்டு நிமிர்ந்து நிற்கவும் பூச்சிகளைத் தாங்கவும் அதற்குச் சிலிக்கான் தேவை. நீர் தேங்கிய மண்ணில் ஆர்செனிக் எடுக்கும் வடிவம் இந்தச் சிலிக்கான் சேர்மத்தைப் போலவே இருக்கிறது. அதே வாசல் வழியாக அதுவும் நுழைந்துவிடுகிறது. காட்மியத்தின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். அது மாங்கனீசை ஏற்றும் புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே வருகிறது.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. வயலில் நீர் தேங்கினால் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். இரும்பு ஆக்சைடுகள் கரையும், அவற்றோடு ஒட்டியிருந்த ஆர்செனிக் விடுபடும், பயிர் அதை எடுத்துக்கொள்ளும். சரி, நீரை வடித்துவிடலாம் என்று பார்த்தால் ஆர்செனிக் குறைகிறது, ஆனால் அதுவரை கந்தகத்தோடு பிணைந்து கரையாமல் கிடந்த காட்மியம் கரைந்து பயிருக்குள் ஏறுகிறது. நீர் மேலாண்மையால் ஒன்றைக் குறைக்கும்போது மற்றொன்று கூடலாம். ஒரு வயலின் அரிசியில் ஆர்செனிக்கை மட்டும் அளந்துவிட்டு நல்ல சேதி சொல்வது எவ்வளவு ஆபத்தானது என்று இதிலிருந்தே தெரியும். வேண்டியவை, வேண்டாதவை எல்லாவற்றையும் ஒரே மாதிரியில், ஒரே நேரத்தில் அளப்பதற்கு இதுதான் காரணம்.

காட்மியத்தை அளக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை ஜப்பானின் தொயாமா பகுதி மக்கள் உடலால் அனுபவித்தார்கள். ஜின்சூ ஆற்றில் சுரங்கக் கழிவு கலந்தது. அந்த நீர் பாய்ந்த வயல்களின் அரிசியைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டது, எலும்புகள் மெலிந்து முறிந்தன. அந்த நோய்க்கு 'வலிக்கிறது, வலிக்கிறது' என்று பொருள்படும் இத்தாய்-இத்தாய் என்ற பெயரே நிலைத்துவிட்டது. காட்மியம்தான் காரணம் என்று ஜப்பான் அரசு 1968-ல் ஏற்றுக்கொண்டது. அந்த அரிசியைப் பார்த்தாலோ முகர்ந்தாலோ சமைத்தாலோ யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

கருவிக்கு முன்னால்

ஆய்வகத்துக்கு ஒரு மூட்டை அரிசி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கருவிக்குள் போகப்போவது அதில் அரை கிராம்தான், ஏறக்குறைய 25 மணிகள். அந்த 25 மணிகள் மொத்த மூட்டைக்காகவும் பேச வேண்டும். அதனால் மூட்டையின் மேல், நடு, அடி என்று பல இடங்களில் எடுத்து, கலந்து, குவித்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்குகளை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கி, மறுபடி கலந்து, மறுபடி பிரிப்பார்கள். பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் இங்கே செய்த பிழையைப் பிறகு எந்தக் கருவியாலும் திருத்த முடியாது.

அடுத்தது அரைப்பது. மாவாக அரைத்தால்தான் எடுக்கும் ஒவ்வொரு சிட்டிகையும் ஒன்றுபோல இருக்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தீட்டிய அரிசியில் இரும்பு மிகக் குறைவு, கிலோவுக்குச் சில மில்லிகிராம்தான். கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று எடுத்துக்கொண்டால் 100 கிராம் அரிசியில் இருப்பது 0.3 மில்லிகிராம். அதை எஃகு பிளேடு உள்ள அரவை இயந்திரத்தில் போட்டு, பிளேடிலிருந்து வெறும் 0.1 மில்லிகிராம் தேய்ந்து விழுந்தாலே அரிசியின் இரும்புச்சத்து மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டதாகக் கணக்கு காட்டும். குரோமியமும் நிக்கலும் கூடவே ஏறும். இதைத் தவிர்க்க அகேட் கல் உரலையோ சிர்கோனியா பீங்கான் பூசிய அரவையையோ பயன்படுத்துவார்கள்.

இரும்பு அதிகமுள்ள புதிய நெல் ரகத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்வதற்கு முன் அந்த மாதிரியின் அலுமினியத்தையும் டைட்டானியத்தையும் பார்ப்பது நல்ல பழக்கம். இவை மண்ணில் ஏராளம், அரிசி மணிக்குள் மிகச் சொற்பம். இவை இரண்டும் உயர்ந்திருந்தால் அளந்த இரும்பில் ஒரு பகுதி மணிமேல் ஒட்டியிருந்த மண்ணிலிருந்து வந்தது என்று சந்தேகப்பட வேண்டும். அரிசிக்குச் சம்பந்தமில்லாத இரண்டு தனிமங்களை வைத்து மூன்றாவதன் உண்மையைச் சோதிக்கும் இந்த முறை எனக்கு மிகவும் பிடிக்கும்.

மாசு எங்கிருந்தும் வரும். தூள் தடவிய கையுறையிலிருந்து துத்தநாகம், அறைத் தூசியிலிருந்து ஈயம், புகை பிடிப்பவரிடமிருந்து காட்மியம். அதனால் பாத்திரங்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறப்போட்டு, அயனிகள் நீக்கிய தூய நீரில் அலசிய பிறகே எடுப்பார்கள்.

அப்புறம் ஈரப்பதம். சேமித்து வைத்த அரிசியில் 12 முதல் 14 சதவீதம் தண்ணீர் இருக்கும். முழுக்க உலர்த்திய அரிசியில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் துத்தநாகம் என்றால், 13 சதவீத ஈரமுள்ள அதே அரிசியில் அது 13 மில்லிகிராம். இரண்டும் சரிதான். எந்த அடிப்படையில் சொல்கிறோம் என்று எழுதாவிட்டால் இரண்டு ஆய்வறிக்கைகளை ஒப்பிடவே முடியாது.

அரிசியைத் தண்ணீராக்குவது

பெரும்பாலான கருவிகளுக்கு மாதிரி தெளிந்த நீர்மமாக இருக்க வேண்டும். அரை கிராம் மாவை டெஃப்ளான் குடுவையில் போட்டு, மிகத் தூய நைட்ரிக் அமிலமும் கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் ஊற்றி, இறுக்கி மூடி, இதற்கென்றே செய்த மைக்ரோவேவ் அடுப்பில் 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். மாவுச்சத்தும் புரதமும் சிதைந்து வாயுவாகப் போய்விடும், உலோகங்கள் மட்டும் கரைசலில் தங்கும். குடுவையை மூடுவதற்குக் காரணம் உண்டு. திறந்த பாத்திரத்தில் கொதிக்க வைத்தால் பாதரசம் ஆவியாகித் தப்பிவிடும், ஆர்செனிக்கையும் ஓரளவு இழக்க நேரிடலாம்.

இந்தக் கரைசலைத் தூய நீர் சேர்த்து 50 மில்லிலிட்டராக்குகிறார்கள். இப்போது கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் ஆர்செனிக் என்றால் அரை கிராமில் இருப்பது 0.1 மைக்ரோகிராம். அது 50 மில்லிலிட்டரில் பரவினால் லிட்டருக்கு 2 மைக்ரோகிராம், அதாவது நூறு கோடியில் இரண்டு பங்கு. துத்தநாகமோ அதே கரைசலில் லிட்டருக்கு 150 மைக்ரோகிராம் அளவில் இருக்கும். ஒரே குடுவையில் ஒன்று தாராளமாக, மற்றொன்று கண்ணுக்கே எட்டாத சொற்பமாக.

கருவி என்ன செய்கிறது?

ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் தனக்கே உரிய சில நிற ஒளிகளை மட்டும் விழுங்கும். இதை உணவு, மண், தண்ணீர் எல்லாவற்றையும் அளக்கும் முறையாக மாற்றியவர் ஆஸ்திரேலியாவில் 1950-களில் பணியாற்றிய ஆலன் வால்ஷ். துத்தநாகத்தை அளக்க வேண்டுமா? துத்தநாகத்தாலேயே செய்த விளக்கை ஏற்றி, அதன் ஒளியை ஒரு சுடர் வழியே அனுப்புங்கள். அந்தச் சுடரில் அரிசிக் கரைசலைத் தெளியுங்கள். கரைசலில் துத்தநாகம் எவ்வளவு இருக்கிறதோ அதற்கேற்ப ஒளி மங்கும். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து அளவு தெரிந்துவிடும். அணு உட்கவர்தல் முறை என்பது இதுதான். துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு போன்றவற்றுக்கு இது இன்றும் போதுமானது. குறை என்னவென்றால் ஒரு நேரத்தில் ஒரு தனிமம்தான். ஆர்செனிக், காட்மியம் அளவுக்குச் சாதாரணச் சுடரின் கூர்மையும் போதாது.

அந்த இடத்தில் வருவது ஐசிபி-எம்எஸ் என்ற கருவி. ஆர்கான் வாயுவை 6,000 முதல் 10,000 கெல்வின் வரை சூடேற்றி, மின்னேற்றம் பெற்ற வாயுவான பிளாஸ்மாவாக்கி, அதற்குள் கரைசலைத் தூவுகிறார்கள். எல்லா மூலக்கூறும் உடைந்து அணுக்கள் மின்னேற்றம் பெற்ற அயனிகளாகின்றன. அவற்றை நிறைப்படி பிரித்து ஒவ்வொன்றாக எண்ணுகிறது கருவி. நிறை 75 என்றால் ஆர்செனிக், 66 என்றால் துத்தநாகம், 208 என்றால் ஈயம். சில நிமிடங்களில் இருபது முப்பது தனிமங்களை அளந்துவிடும்.

ஆனால் இந்தக் கருவிக்குப் பெயர் தெரியாது, எடை மட்டும்தான் தெரியும். பிளாஸ்மாவில் உள்ள ஆர்கான் (40), கரைசலில் உள்ள குளோரினோடு (35) ஒட்டிக்கொண்டால் மொத்த நிறை 75. கருவி அதை ஆர்செனிக் என்றே எண்ணும். அரிசியைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் கூடிய மட்டும் தவிர்ப்பதற்கு இது ஒரு காரணம். காட்மியத்தில் இன்னொரு வேடிக்கை. உடலுக்குத் தேவையான மாலிப்டினம் (95) ஆக்சிஜனோடு (16) சேர்ந்தால் 111 ஆகி, காட்மியத்தின் வேடம் போட்டுவிடுகிறது. இந்த ஆள்மாறாட்டத்தைப் பிடிக்க அயனிகளை ஹீலியம் நிரம்பிய ஒரு சிறு அறை வழியே அனுப்புவார்கள். இரண்டு அணுக்கள் சேர்ந்த அயனி பருமனானது, அதிகம் மோதும், வேகம் இழக்கும். அறையின் முடிவில் வைத்திருக்கும் மின் தடையை அதனால் தாண்ட முடியாது. தனி அணு தாண்டிவிடும்.

மாவைக் கரைக்காமலே எக்ஸ்-கதிர் பாய்ச்சி அளக்கும் கருவிகளும் உண்டு. துத்தநாகச் சத்துள்ள ரகங்களைத் தேட ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சலிக்கும்போது அவை மிகவும் உதவும்.

இந்த எண்ணை ஏன் நம்ப வேண்டும்?

கருவி எப்போதும் ஏதாவது ஒரு எண்ணைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும். அரிசியே போடாவிட்டாலும் கொடுக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அரிசி இல்லாமல் அமிலம், குடுவை, சூடு எல்லாவற்றையும் அப்படியே கடந்து வந்த ஒரு வெற்று மாதிரியையும் அளப்பார்கள். அதில் தெரியும் உலோகம் முழுக்க ஆய்வகத்தினுடையது. பல வெற்று மாதிரிகளின் ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு, அந்தத் திட்ட விலக்கத்தின் மூன்று மடங்கைக் கண்டறியும் எல்லை என்பார்கள். அதற்குக் கீழே வந்த எண்ணுக்கு அர்த்தமில்லை. 'கண்டறியப்படவில்லை' என்று ஓர் அறிக்கை சொன்னால், எந்த எல்லைக்குக் கீழே என்று கேட்க வேண்டும். எல்லை கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் உள்ள முறையில் 0.2 வரம்பைத் தாண்டிய அரிசிகூடக் 'கண்டறியப்படவில்லை' என்று வந்துவிடும்.

இன்னொரு காவல், விடை முன்பே தெரிந்த அரிசி. அமெரிக்காவின் தேசிய தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 1568பி என்ற எண்ணில் ஓர் அரிசி மாவை விற்கிறது. அதில் துத்தநாகம் கிலோவுக்கு 19.42 மில்லிகிராம், இரும்பு 7.42, காட்மியம் 0.0224 என்று சான்றிதழோடு வரும். உங்கள் மாதிரிகளுக்கு நடுவே இதையும் கரைத்து அளக்க வேண்டும். இந்த எண்கள் வராவிட்டால், அன்று அளந்த எதையும் வெளியே சொல்லக் கூடாது. ஓர் ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தப் பகுதியைத்தான். அது இல்லாத கட்டுரையின் வண்ண வரைபடங்கள் என் மனதில் நிற்பதில்லை.

மொத்தம் என்ற எண் மறைப்பது

அதே 1568பி மாவில் மொத்த ஆர்செனிக் கிலோவுக்கு 0.285 மில்லிகிராம். கோடெக்ஸ் வரம்பு 0.2. அப்படியானால் இது வரம்பைத் தாண்டிய அரிசியா? இல்லை. அந்த 0.285-இல் கனிம ஆர்செனிக் 0.092 மட்டுமே. மிச்சத்தில் பெரும்பகுதி, 0.180, டைமெத்தில் ஆர்சினிக் அமிலம் என்ற கரிம வடிவம். அதன் நச்சுத்தன்மை கனிம வடிவத்தைவிடக் குறைவு. வரம்பு கனிம ஆர்செனிக்குக்குத்தான். மொத்த ஆர்செனிக்கை வைத்து மிரட்டும் செய்திகளும், அதே மொத்தத்தை வைத்து ஆறுதல் சொல்லும் செய்திகளும் தவறுவது இந்த இடத்தில்தான்.

வடிவங்களைப் பிரிக்க வேண்டுமென்றால் கடுமையான அமிலத்தில் சிதைக்கக் கூடாது. சிதைத்தால் எல்லாம் ஒரே வடிவமாகிவிடும். மிக நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் 95 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்து ஆர்செனிக்கை மெதுவாக வெளியே இழுத்து, திரவ நிறப்பிரிகைக் குழாய் வழியே அனுப்புவார்கள். ஒவ்வொரு வடிவமும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும். வாசலில் ஐசிபி-எம்எஸ் காத்திருந்து எண்ணும்.

வேண்டிய உலோகங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். தவிட்டோடு உள்ள அரிசியில் இரும்பு அதிகம், தீட்டினால் பெரும்பகுதி போய்விடுகிறது. ஆனால் அந்தத் தவிட்டிலேயே பைட்டிக் அமிலமும் இருக்கிறது. அது இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்ச விடாது. அளந்த சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை. தவிட்டில் கனிம ஆர்செனிக்கும் கூடுதல். அதனால்தான் தீட்டாத அரிசிக்கு கோடெக்ஸ் 2016-ல் தனியாக 0.35 என்று வரம்பு வைத்தது. காட்மியமோ மணி முழுக்கப் பரவிக் கிடப்பதால் தீட்டுவதால் அவ்வளவாகக் குறைவதில்லை.

தட்டுக்கு வரும்போது

கிலோவுக்கு இவ்வளவு என்ற எண்ணை, ஒருவர் உண்ணும் அளவால் பெருக்கி அவருடைய எடையால் வகுத்தால்தான் உடலுக்குப் போவது எவ்வளவு என்று தெரியும். கிலோவுக்குக் கனிம ஆர்செனிக் 0.1 மில்லிகிராம் உள்ள அரிசியை 60 கிலோ எடையுள்ளவர் நாளுக்கு 300 கிராம் சாப்பிட்டால் அவருக்குப் போவது 30 மைக்ரோகிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம். இது சமைக்காத அரிசியின் கணக்கு. நிறையத் தண்ணீரில், அதாவது ஒரு பங்கு அரிசிக்கு ஆறு முதல் பத்து பங்கு நீரில் வேகவைத்து வடித்தால் கனிம ஆர்செனிக் 40 முதல் 60 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம். வெளியிலிருந்து சேர்த்த இரும்பும் வைட்டமின்களும் அந்த நீரோடு போய்விடும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சமைக்கும் நீரிலேயே ஆர்செனிக் இருந்தால் கணக்கு தலைகீழாகும், அரிசி அதை உறிஞ்சிக்கொள்ளும்.

இப்போது 8 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதே அரிசியில் 50 கிராம் சாப்பிடுகிறது, பெரியவர் சாப்பிடுவதில் ஆறில் ஒரு பங்கு. உள்ளே போவது 5 மைக்ரோகிராம். எடையால் வகுத்தால் 0.6-க்கும் மேல். ஆறில் ஒரு பங்கு சாப்பிட்டும் குழந்தையின் சுமை பெரியவரைவிடக் கூடுதல். ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் குழந்தை உணவுக்கான அரிசியில் கனிம ஆர்செனிக் வரம்பை 0.1 என்று, அதாவது கோடெக்ஸ் வரம்பில் பாதியாக வைத்ததும், அமெரிக்கா 2020-ல் குழந்தைகளுக்கான அரிசி உணவுக்கு அதே 0.1-ஐ அறிவித்ததும் இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் புரியும்.

வரம்பு பாதியானதும் ஆய்வகத்தின் வேலை அதே அளவுக்குக் கடினமாகிறது. முன்பு சொன்ன 50 மில்லிலிட்டர் கரைசலில் லிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்குப் பதில் இப்போது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் துல்லியமாகச் சொல்ல வேண்டும். வெற்று மாதிரியில் அதில் கால்வாசி ஆர்செனிக் தெரிந்தாலும் அன்றைய வேலையை நிறுத்திவிட்டு, அமிலப் புட்டியிலிருந்து குடுவை வரை ஒவ்வொன்றாகச் சோதித்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள்.